நெல்டம்பாக்கத்துக்கு முட்டுக்கட்டை

புத்திய ஊர்ல பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டு, சாவிய மட்டும் பத்திரமா எடுத்துக்கிட்டு பிளேன் ஏறின மூணு பேரு கதை இது. மூணு பேரும் அம்பாசமுத்திரம் பக்கம். வேற யாரு, நம்ம ஆளுவதான்.

செர்மனி தேசத்துக் கடைசியில, ஆத்தங்கரையில ஒரு ஊரு. பேரு நெல்டன்பாக். நம்ம பயலுவ வாயில அது நெல்டம்பாக்கம் ஆயிருச்சு. ஆத்துக்கு இந்தக் கரை செர்மனி, அந்தக் கரை பிரான்சு. பாலத்து நடுவுல போலீசு நிப்பான். அந்த ஊர்ல சவரிராயன் அண்ணாச்சி தோசைக்கடை போட்டிருந்தாரு. மாவாட்ட சொரிமுத்து, தோசை சுட மந்திரம், சுட்டது வெந்திருச்சான்னு தின்னு பாக்க நம்பிராசன்.

சொரிமுத்துக்குத் தை மாசம் கல்யாணம். பொண்ணோட அப்பா ஆவுடையப்பன் ஒரே பிடியா நின்னாரு. "செர்மனி மாப்பிள்ளைக்குத்தான் பொண்ணு. வேற எந்த தேசத்துக்காரனும் வாசப்படி மிதிக்கப்படாது." சொரிமுத்து அன்னைக்குத் தூக்கி விட்ட சட்டைக் காலர இன்னும் இறக்கல.

ஒருநாள் அண்ணாச்சி மூணு பேரையும் அந்த ஊரு மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. செவுத்துல ரெண்டு வரைபடம். ஒண்ணு அரதப் பழசு, ஒண்ணு புதுசு.

"இந்தா பாருங்கல. முந்தி இந்த ஊரு பிரான்சுல இருந்துச்சு. இப்ப செர்மனியில இருக்கு."

பாத்தாங்க. பழைய படத்துல ஆத்துக்கு அந்தக் கரையில ஊரு. புதுப் படத்துல இந்தக் கரையில ஊரு. மூணு பேரும் விரல வச்சு ரெண்டு தடவ அளந்து பாத்தானுவ.

மறுநாள் அண்ணாச்சி சாமான் வாங்க வெளியூரு கெளம்பினாரு. "நான் திரும்பி வர்ற வரைக்கும் இங்க எதுவும் இடம் மாறக்கூடாது, ஆமா!"ன்னு சொல்லிட்டுப் போனாரு. அவரு சொன்னது சட்டி பானைய.

அவரு தலை மறைஞ்சதும் பஞ்சாயத்து ஆரம்பிச்சிருச்சு.

"லே மந்திரம், ஊரு ஆத்தத் தாண்டி வந்திருக்குல!"ன்னான் சொரிமுத்து.

"நீந்தியா வந்திருக்கும்?"

"பாலம் எதுக்குல இருக்கு? நடந்துதான் வந்திருக்கும்."

"அம்புட்டுப் பெரிய சர்ச்சும் வீடும் எப்படில பாலத்துல கொள்ளும்?"

நம்பிராசன் ரொம்ப நேரம் யோசிச்சான். "ஒண்ணு பின்னால ஒண்ணா வந்திருக்கும்ல. இந்த ஊர்ல எல்லாமே வரிசைதான்."

சொரிமுத்து மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி ஆயிருச்சு. "வந்தது திரும்பிப் போவாதா? போச்சுன்னா நான் பிரான்சு மாப்பிள்ளைல்லா ஆயிருவேன்! மாமா பொண்ணு தருவாரால?"

"ஆறு நகந்திருந்தா?"ன்னான் மந்திரம்.

"கிறுக்குப் பயலே, ஆறு எங்கயாவது நகருமா? தாமிரபரணி நகந்துச்சா?"ன்னான் சொரிமுத்து.

அந்நேரம் பாத்து ரயிலு ஒண்ணு போச்சு. தோசைக்கல்லு கடகடன்னு ஆடுச்சு.

"போச்சு! ஊரு கெளம்பிட்டு!"

சொரிமுத்து குடும்பம் ஊர்ல தேருக்கு முட்டுக்கட்டை போடுற குடும்பம். எம்புட்டு வேகமா தேரு வந்தாலும் சக்கரத்துக்கு அடியில கட்டையச் சொருகி நிறுத்திருவாங்க. தேர நிறுத்துறவனுக்கு ஊர நிறுத்தத் தெரியாதா?

கடையில இருந்த விறகு, கறி வெட்டுற கட்டை, பூரிக்கட்டை எல்லாத்தையும் வாரிக்கிட்டு ஓடினாங்க. ஆத்தோரத் தெருவுல வீட்டுக்கு வீடு, ஆத்தப் பாத்த செவுத்துக்கு அடியில கட்டையச் சொருகினாங்க. வீடு நல்லா நின்னுச்சு. "பிடிச்சிருச்சுல!"ன்னு சொரிமுத்து வேர்வையத் தொடைச்சான்.

ஆனா ஒரு வெள்ளைக்காரக் கிழவி, வாசல்ல விறகு கெடக்கேன்னு சந்தோசமா எடுத்து அடுப்புல வச்சிட்டா. பதிலுக்கு ஆளுக்கொரு கேக்கும் குடுத்தா. அதப் பாத்து அடுத்த வீடு, அதுக்கடுத்த வீடு. பொழுது சாயுறதுக்குள்ள மூணு பேருக்கும் வயிறு நிறைய கேக்கு, தெருவுல ஒரு கட்டை இல்ல.

அண்ணாச்சி திரும்பி வந்து பாத்தா கடை பூட்டிக் கெடக்கு. மூணு பேரும் ஆத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு, சர்ச்சு செவுத்துல தோளக் குடுத்து முக்கிக்கிட்டு நிக்கானுவ.

"என்னல பண்ணுதிய?"

"எதுவும் இடம் மாறல அண்ணாச்சி! ஒரு நூலு கூட விடல!"

விசயத்தக் கேட்டு அண்ணாச்சி தலையில அடிச்சிக்கிட்டாரு. "ஏ மூதிவளா! ஊரு இருந்த இடத்துலயேதான்ல இருக்கு. பெருவெள்ளம் வந்து ஆறுதான் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் மாறிருச்சு. கூடவே எல்லையும் மாறிருச்சு."

மந்திரமும் நம்பிராசனும் செவுத்த விட்டுட்டு உக்காந்தாங்க. சொரிமுத்து மட்டும் உக்காரல. ஆறு நகருமா? ஆவுடையப்பன் மாமா வீட்டுக்குப் பின்னாலதான தாமிரபரணி! விழுந்தடிச்சு ஓடிப் போயி ஃபோனப் போட்டான்.

"மாமா! உங்க ஆறு எங்க இருக்குன்னு உடனே பாருங்க!"

"வீட்டுக்குப் பின்னாலதான் மாப்ள, எங்க போவும்?"

"அப்படிச் சொல்லாதீங்க மாமா. போயி நின்னு பாத்துட்டு வாங்க."

மாமா செருப்பு கூடப் போடாம புறவாசலுக்கு ஓடினாரு. திரும்பி வந்தப்ப அவருக்கு மூச்சு முட்டுச்சு.

"மாப்ள! நீங்க சொன்னது சரிதான்! புறவாசல்ல போயி நிக்கேன், ஆறு எனக்கு முன்னால வந்து நிக்கி! நல்ல நேரத்துல சொன்னிய. இந்த அறிவுக்குத்தான் மாப்ள நான் செர்மனி மாப்பிள்ளையா கேட்டேன்!"

"கல்யாணம், மாமா?"

"அது தையில சொன்னபடி நடக்கும். இப்ப ஃபோன வைங்க. கோயில்ல தேருக்கட்டை கேக்கப் போவணும். ஆறு இன்னும் முன்வாசலுக்கு வரல, அதுக்குள்ள சொருகிரணும்!"