துரைக்கண்ணு வாயைக் கட்டிய நாலு நாள்

சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பால் திரிந்ததும் நிஜம். காக்கைகள் வேப்பமரத்தைக் காலி செய்துகொண்டு போனதும் நிஜம். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

கரடிமலை அடிவாரத்து மடத்துக்குச் சீடராக வந்தபோது துரைக்கண்ணுவுக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. "உள்ள போங்க, உள்ள போங்க" என்று முப்பது வருஷம் டவுன் பஸ்ஸில் கத்திய கண்டக்டர் தொண்டை துரைக்கண்ணுவுடையது. அந்தத் தொண்டையால்தான் வினை. மனைவி கமலவேணி கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. இப்போது தகவல் வந்தது: வெள்ளிக்கிழமை மடத்துக்கு வருகிறேன், அன்றைக்கும் சண்டை என்றால் இனி மகள் வீடுதான் எனக்கு வீடு.

"எனக்கு என் வாய்தான் சாமி எதிரி," என்றார் துரைக்கண்ணு. "வெள்ளிக்கிழமை அவ வந்து போற வரைக்கும் மௌன விரதம். பேசினாத்தானே சண்டை?"

"பேசாம இருக்க முடியுமா ஐயா?"

"இருந்து காட்டுறேன். பாருங்க."

"பாக்கணும்னுதான் எனக்கும் ஆசை," என்றார் குரு.

திங்கட்கிழமை வாயைக் கட்டினார். செவ்வாய்க்கிழமை அவர் அடுப்படிப் பக்கம் போனார், பால் திரிந்தது. புதன்கிழமை அண்ணாந்து பார்த்தார், காக்கைகள் போயின. துரைக்கண்ணுவுக்கு மட்டும் மனசெல்லாம் குளிர்ச்சி. நாக்கை ஜெயித்துவிட்டோமே.

வியாழக்கிழமை காலையில் சமையல்கார மரகதமும் தோட்டக்காரர் சங்கிலியும் குருவுக்கு முன்னால் வந்து நின்றார்கள். துரைக்கண்ணுவும் அங்கேதான் இருந்தார்.

"இந்த மனுசன் பேச்சைத் தாங்க முடியல சாமி," என்றாள் மரகதம்.

"என்ன சொன்னார்?"

"என் ரசம் சாக்கடைத் தண்ணின்னார்."

"எப்போ?"

"நேத்து மத்தியானம். ஒரு வாய் குடிச்சார். உத்தரத்தைப் பாத்தார். மோரைக் கிட்ட இழுத்துக்கிட்டார்."

குரு சங்கிலியிடம் திரும்பினார். "உங்களை?"

"சோம்பேறின்னார். நான் பெருக்கிட்டு விளக்குமாத்தைச் சாத்துறேன், அதையே எடுத்து அதே எடத்தை மறுபடி பெருக்குறார். எங்கப்பனையும் சேத்துத் திட்டின மாதிரி இருந்துச்சு."

விரதம் அங்கேயே உடைந்தது. "நான் ஒரு வார்த்தை பேசலையே சாமி."

"பாத்தீங்களா, இப்ப நாங்க சொல்றதைப் பொய்யிங்கிறார்," என்றாள் மரகதம்.

குரு சிரிக்கவில்லை. "ரசம் நிஜமாவே எப்படி ஐயா இருந்துச்சு?"

துரைக்கண்ணு யோசித்தார். "புளி கொஞ்சம் தூக்கல்."

"அவ்வளவுதானா?" என்றாள் மரகதம். "நேத்தே சொல்லித் தொலைச்சிருந்தா கொறைச்சிருப்பேன்ல?" இருவரும் போய்விட்டார்கள்.

துரைக்கண்ணுவுக்கு முகம் வெளிறியிருந்தது. "பேசினாலும் சண்டை, பேசலைன்னாலும் சண்டை. நாளைக்கு அவ வந்தா எதுல பேச்சைத் தொடங்குவேன் சாமி?"

"கல்யாணமாகி முப்பத்தாறு வருசமா நீங்க பேச்சை நிறுத்தவே இல்லையே. அவங்களுக்கு என்ன கேட்டுச்சுன்னு மட்டும் விசாரிங்க."

வெள்ளிக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் கமலவேணி வந்து இறங்கினார். "மூணு மணி பஸ்ல திரும்பணும்," என்றார், எடுத்த எடுப்பிலேயே.

துரைக்கண்ணு தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கே கமலவேணி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டதை அன்றைக்குத்தான் அவர் கவனித்தார்.

"வேணி, இத்தனை வருசமா நான் சொன்னதெல்லாம் உனக்கு என்னவா கேட்டுச்சு?"

கமலவேணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "முழுசாச் சொல்லணுமா?"

"முழுசா."

பை தரையில் இறங்கியது.

மூன்று மணி பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, போய்விட்டது. கமலவேணியின் பேச்சு கல்யாணமான இரண்டாவது மாதத்துக்கே அப்போதுதான் வந்திருந்தது. துரைக்கண்ணு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வாயைத் திறக்கவில்லை.

மரகதம் சமையல்கட்டு ஜன்னலில் இருந்து எட்டிப் பார்த்தாள். "மறுபடி மௌனமாயிட்டாரே சாமி. இப்ப என்ன சொல்றார்?"

குரு கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"எனக்குக் கேக்கலைம்மா. அது அவங்களுக்குச் சொல்றது."

இவ்வளவுதான் விஷயம். யார் சொன்னது என்று கேட்டால், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள். என் பெயர் வெளியே வரவேண்டாம். கமலவேணிக்குக் காது ரொம்பக் கூர்மை.