மூழ்கின கொலுசு

பூவலிங்கம் மடத்து வாசலில் போய் நின்றபோது தலை பஞ்சாய் நரைத்திருந்தது. ஆற்றங்கரை ஊர்கள் அத்தனைக்கும் அவர் கடை ஒன்றுதான் அடகுக்கடை. பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகுட்டி கிடையாது. கொஞ்ச நாளாக நல்ல தூக்கமும் இல்லை. காவி கட்டிக்கொண்டு, சாகிற வரைக்கும் நிம்மதியாகத் தூங்க வேண்டும். அவர் கேட்டு வந்தது அவ்வளவுதான்.

மடத்துக் குரு தவசிநாதருக்கு, பூவலிங்கத்துக்கு ஒரு மகன் இருந்திருந்தால் அவன் வயசுதான் இருக்கும். ஆனாலும் பூவலிங்கம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். குரு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உம்ம சொத்து எவ்வளவு?"

இதை அவரிடம் கேட்கவா வேண்டும்! வீடு, வயல், தோப்பு, ரொக்கம், பெட்டியில் கிடக்கிற நகை எல்லாவற்றையும் கூட்டி, தான் கொடுக்க வேண்டிய பாக்கியைக் கழித்து, நிகரமாக நிற்பது இவ்வளவு என்று நின்ற இடத்திலேயே சொல்லி முடித்தார். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. எல்லாவற்றையும் விட்டுவிட வந்த இடத்திலும் மனுஷனுக்குப் பெருமை போகவில்லை, பாருங்கள்.

"அந்த நகையெல்லாம் உம்முடையதா?"

"மூழ்கின நகை, சாமி. என்னுடையதுதான்."

அடகுக்காரர்கள் பேச்சு அது. கெடுவுக்குள் பணம் கட்டி மீட்காவிட்டால் நகை மூழ்கிப்போச்சு என்பார்கள். அப்புறம் அது கடைக்காரனுக்குச் சொந்தம். வைத்தவர் வந்து காலில் விழுந்தாலும் கிடைக்காது.

குரு மடத்து வழக்கத்தை மட்டும் சொன்னார். காவி கேட்டு வருகிறவர் தன்னிடம் உள்ளதைத் தன் கையாலேயே கொடுத்துத் தீர்க்க வேண்டும். ஆற்றில் எறியக் கூடாது, உண்டியலில் போடக் கூடாது, ஆள் விட்டுக் கொடுத்தனுப்பக் கூடாது. அடகுக்கு வந்த பொருள் வைத்தவர் கைக்கே போக வேண்டும். அவர் வேண்டாம் என்றால் இல்லாதவர் கைக்குப் போகலாம். ஒரு சல்லி மிச்சம் இருந்தாலும் காவி கிடையாது.

பூவலிங்கம் ஊருக்குத் திரும்பிக் கொடுக்க ஆரம்பித்தார். வீடு போனது, வயலும் தோப்பும் போயின. நகைகளை மடியில் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒருத்தி தாலியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். ஒரு கிழவன் இப்பவாவது புத்தி வந்ததா என்று வைது தீர்த்துவிட்டு, தன் கடுக்கனை வாங்கிக்கொண்டான். வசவு வாங்கியும் பூவலிங்கத்துக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. கொடுப்பது இத்தனை சுலபம் என்று தெரியாமல் போச்சே என்று அவருக்கே வருத்தமாக இருந்தது.

கடைசியில் பெட்டியின் அடியில் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு கிடந்தது. சின்னப் பிள்ளைக் கொலுசு. அது யாருடையது என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

செங்கல் சூளையில் வேலை செய்கிற சடைச்சி, மகளுக்குக் காய்ச்சல் என்று அதை வைத்துப் பணம் வாங்கிப் போனாள். மருந்துக்கு மசியவில்லை, பிள்ளை போய்விட்டது. பிள்ளையை அடக்கத்துக்கு எடுப்பதற்கு முன்னால், முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டு கடைக்கு ஓடி வந்தாள். வட்டியோடு தந்துவிடுகிறேன் என்றாள்.

"காலு வெறுமையா இருக்கு மொதலாளி. போட்டு அனுப்புதேன்."

கெடு முந்தின நாளோடு முடிந்திருந்தது. ஒருத்திக்கு இளகினால் ஊரே வந்து நிற்கும் என்று அவருக்குப் பயம். மூழ்கிப்போச்சு என்று சொல்லிவிட்டார். அவள் அழவில்லை, திரும்பிப் போய்விட்டாள். அந்தக் கொலுசை அவர் விற்கவும் இல்லை, உருக்கவும் இல்லை. ஏன் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொண்டதே கிடையாது.

இப்போது சூளைக்குப் போனார். சடைச்சி மண்ணை அச்சில் அறைந்துகொண்டிருந்தாள். அவர் இரண்டு கைகளிலும் கொலுசை ஏந்தி நீட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்து, குனிந்து பார்த்தாள்.

"எந்தக் காலுக்கு மொதலாளி?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்பது போலக் கேட்டுவிட்டு, மறுபடி அச்சின் முன்னால் குத்தவைத்தாள். வெயில் ஏறும்வரை அவர் அங்கேயே நின்றார். அவள் நிமிரவே இல்லை.

திரும்பும் வழியில், படித்துறையில் ஒரு பிச்சைக்காரி இடுப்பில் பிள்ளையோடு கை நீட்டினாள். கொலுசைப் பார்த்துவிட்டுப் பிள்ளை சிரித்தது. கொடுத்துவிடலாம், வழக்கப்படி சரிதான். பூவலிங்கம் குனிந்து அந்தக் காலைத் தொட்டார். வெதுவெதுப்பான, உயிருள்ள கால். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். கொலுசை மடியில் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மடத்துக்கு நடந்தார்.

குருவின் பக்கத்தில் காவி மடித்துத் தயாராக இருந்தது. குரு பழைய கேள்வியைத்தான் கேட்டார்.

"உம்ம சொத்து எவ்வளவு?"

பூவலிங்கம் மடியை அவிழ்த்துக் கொலுசைத் தரையில் வைத்தார். அது வந்த கதையை ஒன்று விடாமல் சொன்னார். சடைச்சி கேட்டதைச் சொல்லும்போது குரல் உடைந்துபோனது.

"வேற யாரும் கை நீட்டலையா?"

"நீட்டினா, சாமி. எனக்குத்தான் குடுக்க முடியல."

பூவலிங்கம் கொலுசைக் குருவின் பக்கம் தள்ளினார்.

"நீங்களாவது வாங்கிக்கிடுங்க சாமி. இதைத் தவிர எங்கிட்ட ஒண்ணுமே இல்ல."

குரு கொலுசைத் தொடவில்லை. காவியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு நீர் சொன்ன கணக்கு தப்பு. இதுதான் உம்ம சொத்து. பத்திரமா வச்சுக்கிடும்."