இரண்டு செல்லில் நின்ற கரு

அந்தக் கருவியல் ஆய்வுக்கூடத்தில் குருவைவிடச் சீடர் வயதில் மூத்தவர். குரு பேராசிரியை நாச்சியார், நாற்பதைத் தொடாதவர். சீடர் டாக்டர் மருதவாணன், ஐம்பதைத் தாண்டியவர். கரூர்ப் பக்கம் கால்நடை மருத்துவராக இருந்தவருக்கு, ஓர் உயிர் எப்படித் தொடங்குகிறது என்று தெரிந்துகொண்டே தீர வேண்டும் என்ற ஆசை தலைக்கேறிவிட்டது. படிப்பு விடுப்பு போட்டுவிட்டு வந்து மாணவராக உட்கார்ந்துவிட்டார்.

அவர் ஆராய்ந்தது சுண்டெலியின் கருவை. ஒரு செல் இரண்டாகும் வரை, தாய் கட்டிக்கொடுத்த சோற்றிலேயே அதன் காலம் ஓடிவிடும். அதற்குமேல் கருவின் சொந்த மரபணுக்கள் விழித்துக்கொள்ள வேண்டும். எந்த மரபணு முதலில் விழிக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

ஆனால் அவருடைய கருக்கள் இரண்டு செல்லோடு சண்டித்தனம் பண்ணின. பக்கத்து மேசைக் கருக்களெல்லாம் நான்கு, எட்டு என்று ஜோராகப் பெருகிக்கொண்டிருந்தன. இவருக்கு விடுப்பு மாதக் கடைசியில் முடிகிறது. இனி ஒரே ஒரு முறைதான் முயல முடியும். அதுவும் தேறாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். அதை நினைத்தாலே மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

"மேடம், நான் எங்கதான் தப்பு பண்றேன்?"

"இன்குபேட்டர்ல சூடு சரியா இருக்கா டாக்டர்?"

"இருக்கு மேடம்."

"வாயு?"

"அதுவும் சரியா இருக்கு. கண்ணுங்கருத்துமாப் பாத்துக்கறேன். காலைல வந்ததும் ஒரு தரம் வெளிய எடுத்து மைக்ராஸ்கோப்புல பாப்பேன். டீக்கு முன்னாடி ஒரு தரம். டீ குடிச்சுட்டு வந்து ஒரு தரம். சாப்பாட்டுக்கு முன்னாடி..."

பெருமையாகவே சொன்னார். மாடு கன்று ஈனத் திணறும்போது வேடிக்கை பார்த்தவர் இல்லை அவர். முழங்கை வரை கையை விட்டு எத்தனையோ கன்றுகளை உயிரோடு இழுத்துப் போட்டவர். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு அவர் வைத்திருந்த பெயர் சோம்பேறித்தனம்.

நாச்சியார் அவர் முகத்தையே பார்த்தார்.

"ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. என் ரூம்ல சோபா இருக்கு. ஒரு குட்டித் தூக்கம் போட்டுட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

கேட்டது கேள்வி, கிடைத்தது சோபா. மருதவாணன் முணுமுணுத்துக்கொண்டே போய்ப் படுத்தார். கண் செருகும் நேரம் கதவு திறந்தது. விளக்கு எரிந்தது.

"தூங்கிட்டீங்களா?"

"இன்னும் இல்லைங்க மேடம்."

கதவு மூடியது. மறுபடி கண் சொக்கியபோது மறுபடி திறந்தது.

"இப்ப?"

"இல்லைங்க."

மூன்றாம் முறை நாச்சியார் போர்வையை விலக்கி, டார்ச் அடித்து, குனிந்து முகத்தை உற்றுப் பார்த்தார். மருதவாணன் துள்ளி எழுந்தார்.

"என்ன மேடம் இது! கதவைச் சாத்திட்டு நீங்க பேசாம இருந்தாத்தானே நான் தூங்க முடியும்!"

கத்திய வாய் அப்படியே திறந்து நின்றது. அவர் டார்ச்சைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். நாச்சியார் சிரிப்பை அடக்க முடியாமல் விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மருதவாணன் புதிய கருக்களை இன்குபேட்டருக்குள் வைத்து, வெள்ளிக்கிழமை வரை திறப்பதில்லை என்று கதவைச் சாத்தினார். பிறகுதான் அவருடைய பாடு தொடங்கியது. கழுவின கண்ணாடிக் குவளைகளையே திரும்பக் கழுவினார். பக்கத்து மேசைக்காரர்களுக்கெல்லாம் டீ வாங்கி வந்தார். ஊரிலிருந்து மனைவி போனில் கூப்பிட்டார்.

"என்னங்க பண்றீங்க?"

"சும்மா இருக்கேன்."

"அப்புறம் ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

வெள்ளிக்கிழமை காலை குருவும் சீடரும் ஒன்றாக இன்குபேட்டர் அறைக்குள் போனார்கள். மருதவாணன் தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். இரண்டு செல்லாவது, நான்கு செல்லாவது! உள்ளே நீர் கோத்து, பந்து பந்தாக உப்பி நின்றன கருக்கள். அவற்றில் ஒன்று மேலுறையைக் கிழித்துக்கொண்டு பாதி வெளியே வந்துவிட்டிருந்தது.

"போட்ருச்சு மேடம், போட்ருச்சு!"

கன்று தரையில் விழுந்ததும் தொழுவத்தில் போடுகிற அதே கூச்சல். ஆய்வுக்கூடமே எழுந்து ஓடிவந்தது. நாச்சியார் கண்களைத் துடைத்துக்கொண்டு, முறை தவறாமல் எல்லோரையும் பார்க்கவிட்டு, கடைசியில் தானும் ஆசை தீரப் பார்த்தார்.

கூட்டம் கலைந்ததும் மருதவாணன் பணிவாகக் கேட்டார்.

"நாலு நாள் எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு மேடம். உங்களுக்கும் இதுமேல இவ்வளவு ஆசை இருக்கு. ஆனா நீங்க இந்தப் பக்கமே எட்டிப் பாக்கலை. அந்தப் பக்குவம் உங்களுக்கு எப்ப வந்தது?"

"எங்க வந்தது டாக்டர்?" என்றார் நாச்சியார். "திங்கட்கிழமையே இன்குபேட்டர் ரூமோட என் சாவியை எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டேன். நான் கெஞ்சினாலும் தராதீங்கன்னு சொல்லி வெச்சிருந்தேன்."