மின்னல் போனதும் மூடிக்கொண்ட மடை

அந்தக் காலத்தில் இரும்புக்கும் எஃகுக்கும் வாய் இருந்தது. மின்னலும் நினைத்தபோது ஊருக்குள் இறங்கி, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகும்.

அப்போது ஒரு பெரிய ஏரிக்கு மடை பார்த்தவள் சிலம்பாயி. ஏரிக்கு அடியில் இருந்த துளையை ஓர் இரும்புக் குழவி அடைத்துக்கொண்டிருந்தது. வயலுக்குத் தண்ணீர் விட வேண்டுமென்றால் அவள் மார்பளவு தண்ணீரில் இறங்கி, குழவியின் காம்பைக் கட்டிப்பிடித்துத் தூக்குவாள். போதுமென்றால் மறுபடி இறக்கிவைப்பாள்.

அவளுக்கு நிறைமாதம் ஆனது. புருஷன் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேற்கே போயிருந்தான். கீழ்வயல்காரி மாரக்காள்தான் தினமும் வந்து பார்த்துக்கொண்டாள்.

"இனிமே நீ குழவியைத் தூக்கக் கூடாது" என்றாள் மாரக்காள்.

"உன் நாற்றங்கால் காயுதே அக்கா."

கரையில் நின்ற மின்னல் இதைக் கேட்டது. "நான் தூக்கித் தருகிறேன். மடைத்தூண்களுக்கு நடுவே செம்புக்கம்பியைச் சுருளாகச் சுற்றிக் கட்டு. காம்பின் நுனி அதற்குள் நுழைந்திருக்கட்டும். நான் கம்பிக்குள் ஓடினால், சுருளின் நடுவுக்கு இழுபடாமல் இரும்பால் இருக்க முடியாது" என்றது.

அப்படியே நடந்தது. மின்னல் ஓடியதும் குழவி மேலே எழும்பியது. வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது. வேலை முடிந்ததும் மின்னல், "நான் போகிறேன், நீ இறங்கு" என்று இரும்பிடம் சொல்லிவிட்டுப் போகும். இரும்பும் இறங்கி அடைத்துக்கொள்ளும்.

ஒருநாள் மடை திறந்திருக்கும்போதே சிலம்பாயிக்கு வலி கண்டது. மாரக்காள் அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அந்த நேரம் பார்த்து மேகங்கள் கூப்பிட, மின்னல் ஒரு சொல்லும் சொல்லாமல் ஓடிவிட்டது. இதோ வந்துவிடும் என்று நினைத்த இரும்பு, எழும்பிய இடத்திலேயே நின்றது.

பெண் குழந்தை பிறந்தது. அதைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றித் தாயிடம் கொடுத்துவிட்டு மாரக்காள் வயலுக்குப் போனாள். நாற்றங்கால் இருந்த இடத்தில் சேற்றுத் தண்ணீர் நின்றது. முளைவிட்ட நெல்லையெல்லாம் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. மடைக்கு ஓடி, அவளே ஏரித் தண்ணீரில் இறங்கிக் குழவியை அமுக்கினாள்.

திரும்பி வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் சிலம்பாயிக்கு விளங்கிவிட்டது.

"பிள்ளை நல்லபடியா வந்துச்சு. அது போதும்" என்றாள் மாரக்காள். குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டே, "விதைதான் இனி இல்லை" என்றாள்.

சிலம்பாயி தன் விதைநெல்லில் பாதியை அவளுக்குக் கொடுத்தாள். உடம்பு தேறியதும் மடைக்குப் போனாள். இரும்பு தலை குனிந்திருந்தது. மின்னலும் வந்து ஓரமாக நின்றது.

"மறந்துவிட்டேன்" என்றது மின்னல்.

"உன்மேல் கோபமில்லை. வந்து போகிறதுதான் உன் குணம். மூடுகிற வேலையையும் உன் தலையில் வைத்தது என் தப்பு."

அவள் வீட்டுக் கூரையில் ஓர் எஃகுக் கம்பி சும்மா கிடந்தது. வளைத்தால் நிமிரும், அமுக்கினால் எழும்பும். எதற்கும் உதவாது என்று செருகி வைத்திருந்தாள். அதைச் சுருட்டி, தூண்களின் மேலே கிடந்த குறுக்குக்கல்லுக்கும் காம்பின் தலைக்கும் நடுவே வைத்தாள்.

"மின்னல் இருக்கிறவரை விட்டுக்கொடு. அது போனதும் அமுக்கிவிடு" என்றாள்.

"சொல்லாமல் போனால்?" என்று கேட்டது எஃகு.

"சொல்லாமல் போனாலும்தான்."

"இன்னும் கொஞ்சம் பொறு என்று இரும்பு கெஞ்சினால்?"

"கெஞ்சட்டும். கீழே வயல் இருக்கிறது."

மின்னல் ஓடியது. குழவி எழும்பியது, எஃகு ஒடுங்கிக்கொடுத்தது. பாதியிலேயே மேகம் கூப்பிட, மின்னல் மறுபடியும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. 'டக்' என்று ஒரு சத்தம். கீழ்வயலில் நாற்று விட்டுக்கொண்டிருந்த மாரக்காள் நிமிர்ந்து பார்த்தாள். வாய்க்கால் வற்றிக்கொண்டிருந்தது. அவள் மறுபடி குனிந்து வேலையைப் பார்த்தாள்.

அன்று முதல்தான் மின்சாரத்தால் திறக்கும் வால்வுகளுக்குள் செம்புச்சுருளும் இரும்பும் எஃகு ஸ்பிரிங்கும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. துணி துவைக்கும் மெஷினுக்குத் தண்ணீர் விடுவதும், சொட்டுநீர்த் தோட்டத்தில் பாத்தி பாத்தியாகக் குழாய் திறப்பதும், ஆலைக் கொதிகலனுக்கு எரிவாயு அனுப்புவதும் அவைதான். நடுவில் கரண்ட் போய்விட்டால், அவற்றில் பெரும்பாலானவை யார் சொல்லுக்கும் காத்திராமல் 'டக்' என்று மூடிக்கொள்கின்றன.