மாதம்மா கூப்பிட்ட பேரு

மலைக்கு அடியில ஒரு ஊர்ல ஒரு மாதம்மா இருந்தாளாம். தங்கமானவதான், ஆனா ஒரு விசயத்துல மட்டும் சரியான பிடிவாதக்காரி. அத்தை சொல்லச் சொல்ல நீ 'ம்' கொட்டணும், சரியா? காலை ஆட்டாத, போர்வை நழுவுது பாரு.

அவ புருசன் பேரு வேடியப்பன். அந்தப் பேரை அவ வாய் திறந்து சொன்னதே இல்ல. சொன்னா புருசனுக்கு ஆயுசு குறையும்னு அவங்க அம்மா சொல்லி அனுப்பியிருந்தா. வேடியப்பன் சாமி கோயிலுக்குப் போனாக்கூட, "எங்க வீட்டுக்காரர் பேரு வெச்ச சாமி, காப்பாத்துப்பா"ன்னுதான் கும்பிடுவா. சாமியே சிரிச்சிருக்கும்!

ம்?

அப்புறம், அறுப்பு முடிஞ்சுது. ஊரே பரிசல் ஏறி ஆத்துல கெளம்பிடுச்சு. ரெண்டு பக்கமும் பாறை வானத்துக்கு நிக்குது. நடுவுல ஆறு. ரோடு கெடையாது, கடை கெடையாது, கொரங்குதான் எட்டிப் பாக்குது. பரிசல்காரர் முனுசாமி ஒரு சுத்து சுத்துவாரு பாரு, கிர்ர்ர்ருனு! பொம்பளைங்கள்லாம் "ஐயோ அம்மா"ன்னு கத்துறாங்க, அப்புறம் "இன்னொரு சுத்து"ங்கிறாங்க.

மணல் திட்டுல எறங்கி, தொபீர் தொபீர்னு குதிச்சு நீச்சலடிச்சாங்க. மீன் பிடிச்சு சொய்ய்ய்னு வறுத்தாங்க. வேடியப்பன் ஒடம்பு பூரா எண்ணெய் தேச்சுக் குளிச்சாரு, எட்டு மீன் தின்னாரு. அப்புறம் கல்லுக்குக் கல்லு தாண்டி, ஆத்து நடுவுல ஒரு பெரிய பாறை மேல போய்ப் படுத்தாரு. கொர்ர்ர்... கொர்ர்ர்...

அப்போ முனுசாமி தண்ணியைப் பாத்தாரு. செவந்து வருது! "மேல மலையில மழை! எல்லாரும் கரை மேல ஏறுங்க!"

எல்லாரும் ஓடி வந்தாங்க. வேடியப்பன் மட்டும் நடுப்பாறையில. தாண்டிப் போன கல்லெல்லாம் ஒண்ணொண்ணா முங்குது. யாராச்சும் போய் எழுப்பிக் கூட்டிட்டு வர நேரமில்ல. அவரே முழிச்சு ஓடி வந்தாத்தான் உண்டு.

"வேடியப்பா! டேய் வேடியப்பா!" ஊரே கத்துது. அவரு பொரண்டு படுத்தாரு. ஊரு தெனமும் கத்துற பேருதானே!

அப்போ மாதம்மா முன்னாடி வந்தா. "ஏங்க!"

பாறையும் "ஏங்க... ஏங்க..."ங்குது. அங்க நின்ன ஆம்பளைங்க அத்தனை பேரும் "என்னா?"ன்னு திரும்பிட்டாங்க! வேடியப்பன் மட்டும் தூக்கத்துலயே, "ம்... வர்றேன் போ"ன்னாரு. வீட்டுல தெனம் சொல்றாரே, அதே மாதிரி.

சிரிக்கிறியா? சிரி, சிரி. அவளுக்கு உசுரே போகுது.

"பூவாயி அப்பா! எந்திரிங்க!" ரெண்டாவது தடவை, மக பேரைச் சொல்லிக் கூப்பிட்டா.

"ம்... காப்பித்தண்ணி வையி."

இன்னும் மூணு கல்லுதான் வெளிய தெரியுது. அவளுக்குக் கண்ணுல தண்ணி. அம்மா சொன்னதை நெனைச்சா. அப்புறம், 'ஆளே போயிட்டா ஆயுசு எங்க இருக்கும்?'னு நெனைச்சா. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, அடிவயித்துலேர்ந்து ஒரே கத்து.

"வேடியப்பாஆஆ!"

யப்பா... யப்பா... யப்பா... மலையே கூப்பிடுது!

அவரு திடுக்குனு எந்திரிச்சு ஒக்காந்தாரு. "எம் பொண்டாட்டி கொரல்ல எம் பேரா?" தண்ணியைப் பாத்தாரு. அவ்வளவுதான், தொப்பு, தொப்பு, தொப்பு! கடைசிக் கல்லு வழுக்கிடுச்சு. முனுசாமி துடுப்பை நீட்டினாரு. அதைப் புடிச்சுக் கரையேறிட்டாரு.

மாதம்மா அவரு முதுகுல நாலு போட்டா. அப்புறம் அதே முதுகுல மூஞ்சியை வெச்சு அழுதா. பாவம், அவ்வளவு ஆசை அவரு மேல.

"புள்ள, இன்னொரு தடவை சொல்லேன்."

"பேசாம ஏறுங்க!"

அடுத்த வருசமும் போனாங்க. அவரு இந்தத் தடவை கரையிலயே படுத்து, கொர்ர்ர்ருனாரு. "ஏங்க"ன்னா. எந்திரிக்கல. "பூவாயி அப்பா"ன்னா. எந்திரிக்கல. மீசை மட்டும் துடிக்குது. அவளுக்குத் தெரியாதா? சுத்திமுத்தும் பாத்தா. குனிஞ்சு, காதுகிட்ட, மெதுவா... மெதுவா... அந்தப் பேரைச் சொன்னா. மலைக்குக்கூடக் கேக்கல.

ம்?

ம் காணோமே. சரி, கதை கரை சேந்துடுச்சு. நீ தூங்கு, கண்ணு.