வாத்துகள் தேறிய நீச்சல் பள்ளி

மேட்டுக் காட்டில் யானை, மயில் மாதிரி பெரிய மனிதர்கள் இருந்தார்கள். பள்ளத்துக் காட்டில் முயல்கள் இருந்தன. நடுவில் ஓர் ஓடை. சும்மா நாளில் அது இருக்கிற இடமே தெரியாது. ஐப்பசி பிறந்தால் போதும், அதற்குப் பேய் பிடித்துவிடும். கரையை உடைத்துக்கொண்டு நேரே பள்ளத்துக்குள் இறங்கும்.

அப்படி ஒரு வெள்ளத்தில் பூளை என்கிற முயல் தன் குட்டிகளைப் பறிகொடுத்தாள். ஒரே ஒரு குட்டிதான் மிஞ்சியது. அவள் அழுத அழுகை மேட்டுக் காடு வரைக்கும் கேட்டது.

காட்டுச் சபை கூடியது. முயல்களுக்கு நீச்சல் சொல்லித்தர ஒரு பள்ளி வைப்பது, தேறினவர்களுக்கு ஓடைத் துறையில் காவல் வேலை கொடுப்பது என்று முடிவாயிற்று. செலவுக்கு எல்லோரும் தங்கள் தீனியில் ஒரு பங்கு போட்டார்கள். முயல்களும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கொடுத்தன. நீர்க்காகம் வாத்தியாராக வந்தார்.

கொடுத்த தீனி ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்க்க வேண்டுமே? அதற்கு ஒரு குழு போட்டார்கள். யானை தலைவர். மயில் ஓர் உறுப்பினர். இன்னொருத்தி கருப்பாயி என்கிற உடும்பு. கருப்பாயிக்குப் பேச்சு குறைச்சல். ஆனால் ஒரு கேள்வியைப் பிடித்தாளோ, பிடித்ததுதான். உடும்பு அல்லவா!

முதல் வருஷம் குழு வந்து பார்த்தது. அந்த ஐப்பசியில் மழை பொய்த்துவிட்டது, வெள்ளமும் வரவில்லை. அதனால் பள்ளியைப் பற்றி யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

இரண்டாம் வருஷம், ஆவணி தொடக்கத்தில், குழு மறுபடியும் வந்தது. வாத்தியார் தடபுடலாக ஏற்பாடு செய்திருந்தார். தலைவருக்கு ஒரு வாழைத்தார் தொங்கியது. ஓடையில் வாத்துகள் அணிவகுத்து நீந்தின. முங்கின, எழுந்தன, வட்டமடித்தன.

"அடடா, என்ன அழகு!" என்றது மயில்.

வாத்தியார் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தார். "தலைவரே, இந்த வருஷம் சேர்ந்தவங்க அத்தனை பேரும் தேறிட்டாங்க. ஒருத்தர்கூடத் தோற்கலை. தேறின எல்லாருக்கும் துறைக்காவல் வேலையும் கொடுத்தாச்சு."

யானைக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "ரொம்ப நல்லது. அப்போ சாப்பிடலாமா?" என்று துதிக்கையை வாழைத்தார் பக்கம் நீட்டினார்.

கருப்பாயி மட்டும் கரையோரத்தில் ஒரு சின்ன வாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்னவோ உறுத்தியது. "ஏம்மா, நீ எப்போ நீந்தக் கத்துக்கிட்டே?" என்று கேட்டாள்.

"முட்டையை விட்டு வந்த மறுநாளே அம்மா தண்ணியில தள்ளிவிட்டாங்க" என்றது வாத்து.

"அப்போ பள்ளிக்கூடத்துல என்ன கத்துக்கிட்டே?"

வாத்து கொஞ்சம் யோசித்தது. "வரிசையா நிக்க" என்றது.

யானை வாழைப்பழத்தை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். கருப்பாயி வாத்தியார் பக்கம் திரும்பினாள். "முயல்களுக்குத்தானே இந்தப் பள்ளி? எங்கே முயல்கள்?"

"அதுங்க எல்லாம் தேறாதுங்கம்மா" என்று வாத்தியார் இறகை உதறிக்கொண்டார்.

கருப்பாயி விருந்துக்கு நிற்கவில்லை. நேரே பள்ளத்துக்குப் போனாள். பூளை வளை வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்த ஒரு குட்டி.

"ஏன் பூளை, பள்ளிக்குப் போகலையா?"

"போனோம் அக்கா. தண்ணியைப் பார்த்ததுமே எங்களுக்குக் காலெல்லாம் உதறுது. பழக நாளாகுமில்ல? உங்களால பள்ளிக்கே கெட்ட பேருன்னு வாத்தியார் அனுப்பிட்டார்."

"ஐப்பசி வருதே. வெள்ளம் வந்தா என்ன பண்ணுவே?"

பூளை குட்டியை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

கருப்பாயி விடுவிடுவென்று ஓடைக்குத் திரும்பி வந்தாள். "வாத்தியாரே, நீந்தத் தெரிஞ்ச வாத்துக்கு நீச்சல் சொல்லித்தரவா நாங்க தீனி கொடுத்தோம்? வெட்கமா இல்லை?"

வாத்தியார் பயப்படவில்லை. அவருக்கும் மனசில் ஒரு பாரம் இருந்திருக்கும் போல. "என்னைத் திட்டி என்னம்மா ஆகப்போகுது? முதல் வருஷம் நான் முயல்களைத்தான் வச்சிருந்தேன். பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தேன். பாதிப் பேர் தண்ணியில இறங்கவே இல்லை. குழு வந்தது. எத்தனை பேர் தேறினாங்கன்னு ஒருத்தர் கேட்டார். பாதிதான்னு சொன்னேன். ஊர்த் தீனியைத் தின்னுட்டுப் பாதிதானான்னு அவர் என்னை விடாமப் பிடிச்சிக்கிட்டார். பொழுது சாயுற வரைக்கும் விடலை. அதான் இந்த வருஷம் தேறுறவங்களாப் பார்த்துச் சேர்த்தேன். அது யாருன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்கும்."

கருப்பாயிக்கு ஞாபகம் இருந்தது. கேட்டது அவள்தான். எத்தனை பேர் என்று கேட்டவள், யார் யார் என்று கேட்கவே இல்லை. பிடி கெட்டியாகத்தான் இருந்தது, பிடித்த இடம்தான் தப்பு. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இதைச் சபையில சொன்னா நம்ம குழுவுக்குத்தானே அசிங்கம்?" என்று யானை மெதுவாகக் கேட்டார்.

"அசிங்கம்தான் தலைவரே. இருந்தாலும் சொல்லத்தான் வேணும். நமக்கு அசிங்கம்னு மூடி மறைச்சா, பூளைக்கு இருக்கிற ஒரு குட்டியும் போயிடும்."

சபையில் கருப்பாயி எதையும் மறைக்கவில்லை. வாத்தியார் செய்த தப்பையும் சொன்னாள், தான் செய்ததையும் சொன்னாள். சபை உடனே ஏற்பாட்டை மாற்றிப் போட்டது. இனி நீந்தத் தெரியாதவர்களுக்குத்தான் பள்ளி. மெதுவாகக் கற்றுக்கொண்டால் வாத்தியாரை யாரும் குடையக் கூடாது. வாத்துகளுக்கு வேலை நிலைக்க வேண்டுமானால் ஆளுக்கொரு முயலுக்குத் துணையாகத் தண்ணீரில் இறங்க வேண்டும்.

நீந்தத் தெரியாத முயல்கள் வந்தன. வந்து, கரையிலேயே நின்றன. வாத்தியார் கெஞ்சிப் பார்த்தார், வாத்துகள் கூப்பிட்டுப் பார்த்தன. ஒன்றும் நடக்கவில்லை. கருப்பாயி கரையோர வேர் ஒன்றை நகத்தால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாலைத் தண்ணீருக்குள் நீட்டினாள்.

"பூளை, என் வாலைப் பிடிச்சுக்கிட்டு இறங்கு. நான் பிடியை விட்டா அப்புறம் பேசு."

பூளை கண்ணை மூடிக்கொண்டு இறங்கினாள். பின்னாலேயே குட்டி. அப்புறம் மற்ற முயல்கள். தினமும் அதே வேர், அதே வால். கருப்பாயியின் வால் தோல் உரிந்து போயிற்று. அப்படியும் அவள் பிடியை விடவில்லை.

ஐப்பசி பிறந்தது. இந்தத் தடவை மழை பொய்க்கவில்லை. விடிகிற நேரத்தில் ஓடை கரையை உடைத்துக்கொண்டு பள்ளத்துக்குள் பாய்ந்தது. முயல்கள் எல்லாம் அழகாக நீந்தின என்று சொன்னால் அது பச்சைப் பொய். கோணல்மாணலாக, தண்ணீரைக் குடித்து, இருமிக்கொண்டு நீந்தின. திணறினவர்களை வாத்துகள் நெஞ்சால் முட்டித் தள்ளின. கருப்பாயி வாலை நீட்டிக்கொண்டு அதே வேரில் தொங்கினாள்.

மேட்டிலிருந்து யானை மூச்சிரைக்க ஓடிவந்தார். வழக்கம் விடுமா? "கருப்பாயி, எத்தனை பேர் தேறினாங்க?" என்று கேட்டுவிட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் தலைவரே. உங்க காலடியில யாருன்னு பாருங்க."

யானை குனிந்து பார்த்தார். பூளையின் குட்டி கரையேறி நின்று, காதை உதறி, தண்ணீரையெல்லாம் அவர் கால்மேல் தெளித்துக்கொண்டிருந்தது. பின்னாலேயே பூளையும் ஏறி வந்தாள்.

ஊர்ப் பொருளைச் செலவழித்தால், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று எண்ணுவதற்கு முன், அது யாருக்காக ஒதுக்கியதோ அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வேண்டும்.