சலிப்புக்கு மருந்து கேட்டவர்

மலையடிவாரத்து மடம் ஒன்றில் சௌந்தரவல்லி அம்மாள் குருவாக இருந்தார். வயது அறுபத்தொன்று. பதினான்கு வயதில் வந்தது சர்க்கரை நோய். அன்று தொடங்கிய இன்சுலின் ஊசி ஒருநாளும் நின்றதில்லை. கண் தெளிவு. கோயிலுக்குப் போகும் நூற்றெண்பது படிகளையும் தினமும் ஏறி இறங்குவார்.

சீடர் தில்லைநாயகம், ஓய்வுபெற்ற நில அளவையர். அவருக்கும் சர்க்கரைதான். நோய் வந்து மூன்றே வருஷம். அதற்குள் வெறுத்துவிட்டார். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார். செருப்பு கடித்து இடது காலில் புண் வந்தபோது அதையும் மறைத்தார். புண் சீழ் வைத்தது. ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

கட்டுப்போட்ட காலோடு மடத்துக்குத் திரும்பியவர் நேராகக் குருவின் அறைக்குப் போனார். காலை நேரம். அம்மாள் பாயில் உட்கார்ந்து ஊசியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னை ஏமாத்திட்டீங்கம்மா."

"என்ன ஏமாத்தினேன்?"

"மூச்சைக் கவனிக்கச் சொன்னீங்க. மனசு அடங்கும்னீங்க. இந்தச் சனியன்மேல வர்ற சலிப்பு மட்டும் அடங்கவே இல்ல. மாத்திரை முழுங்கு, நட, சோத்தை அளந்து தின்னு, விரலைக் குத்து! தினம் தினம் இதே. சலிப்பு போகட்டும், அப்புறம் ஒழுங்கா இருக்கலாம்னு காத்திருந்தேன். விரல்தான் போச்சு."

அம்மாள் தன் விரல் நுனியைக் குத்தி, ரத்தத்தைக் கருவியில் வைத்தார். எண்ணைப் பார்த்ததும் முகம் கடுத்தது.

"ரெண்டே இட்லி தின்னேன். இருநூத்திப் பத்தாம். கர்மம்!"

கருவியைப் பாயில் விட்டெறிந்தார்.

தில்லைநாயகம் திகைத்துப்போனார். குரு எரிந்து விழுந்து அவர் பார்த்ததே இல்லை.

அம்மாள் முணுமுணுத்தபடியே மருந்தின் அளவைக் கூட்டி வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டார். பிறகு சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்து உள்ளங்கால்களைப் பார்த்தார். விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"அம்மா... உங்களுக்குமா சலிப்பு?"

"பின்னே? நாற்பத்தேழு வருஷமா. இன்னிக்குக் கண்ணு முழிச்சதும் முதல்ல வந்தது அதுதான்."

"அப்ப எப்படித்தான் விடாம செய்றீங்க?"

"சலிச்சுக்கிட்டேதான்" என்றார் அம்மாள். "கட்டு இல்லாத அந்த வலது காலை நீட்டுங்க, பார்ப்போம்."